ஆவுடை மதினியின் நோட்டு

உள்ளே வாருங்கள் அக்கா. செருப்பை வாசலிலேயே விடுங்கள், யாரும் எடுக்க மாட்டார்கள். மேடம் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, அக்கா என்றே கூப்பிடுகிறேன். அந்த நாற்காலி ஆடும், சுவரோடு சாய்த்துப் போட்டு உட்காருங்கள். மெயின்ரோட்டிலிருந்து இந்த வெயிலில் நடந்தா வந்தீர்கள்? ஒரு போன் போட்டிருந்தால் எங்கள் வீட்டுக்காரரை வண்டி எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருப்பேனே.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நோட்டுக்காக. எங்கள் ஆவுடை மதினி எழுதி வைத்த நோட்டுக்காக. நீங்கள் வாயைத் திறக்கும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நோட்டு இருக்கிறது. இந்த வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் தர முடியாது.

அதோ, உள்ளறையில் விட்டத்தில் மஞ்சள் துணி சுற்றி ஒரு ஓலைப்பெட்டி தொங்குகிறதா? அதற்குள் இருக்கிறது. அது கன்னிப்பெட்டி அக்கா. நீங்கள் சென்னைக்காரர், உங்கள் பக்கம் இந்தப் பழக்கம் உண்டோ என்னவோ. எங்கள் வீடுகளில் ஒரு பெண் கல்யாணம் ஆகாமல் செத்துப்போனால் அவள் கன்னித் தெய்வம். புதுப் பாவாடை சட்டை, வளையல், சாந்துப்பொட்டு, பவுடர், சீப்பு, கண்ணாடி எல்லாம் ஓலைப்பெட்டியில் வைத்து மேலே கட்டிவிடுவார்கள். வருசத்துக்கு ஒரு நாள் இறக்கி, பொங்கல் வைத்து, அப்போதுதான் திறப்பது. மதினி போனது கார்த்திகையில். இப்போது வைகாசி. வருசம் திரும்பாமல் மாமா, அதாவது மதினியின் அப்பா, அதில் ஒருத்தரைக் கை வைக்க விடமாட்டார். உங்கள் விசாரணை அடுத்த மாசம் என்று லெட்டரில் படித்தேன். என்ன செய்வது? சாமிக்கு விசாரணைத் தேதி தெரியுமா?

தண்ணீர் குடியுங்கள். நான் நின்றுகொண்டே பேசுகிறேனே என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏழு மாசமாக என்னால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் காலில் எறும்பு ஏறுகிற மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் காட்டினேன், சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தூக்கமும் சரியில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, வேறொன்றும் இல்லை. துக்கமெல்லாம் கிடையாது. நான் அழுகிற ஆளே இல்லை அக்கா. கனி வீடு எது என்று வழியில் கேட்டிருப்பீர்களே, சிரிச்சுக்கிட்டே மாவு விக்கிற பிள்ளை வீடா என்றுதானே கேட்டார்கள்? பார்த்தீர்களா.

மதினியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த அன்றைக்கு ஊரே ஒப்பாரி வைத்தது. நான் பிரசவமாகிப் பதினெட்டாம் நாள் எழுந்து, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டேன். மூன்று கிலோ சீனி. யாராவது போட வேண்டும் இல்லையா? பெட்டியைத் திறக்கக் கூடாது என்று மூடி ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அத்தை அந்தத் தகரத்தைத் தட்டித் தட்டி, "ஆவுடை, ஏ ஆவுடை, வெளிய வாளா" என்று கூப்பிட்டாள். அந்தப் பெட்டியையும் திறக்கக் கூடாது, இந்தப் பெட்டியையும் திறக்கக் கூடாது. இந்த வீட்டுக்கு அப்படி ஒரு பெட்டி ராசி.

கொஞ்சம் இருங்கள், சின்னவள் சிணுங்குகிறாள். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பேசுகிறேன். இவளுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. அத்தை ஆவுடை என்று வை என்கிறாள். நான் மாட்டேன் என்கிறேன். எதற்கு? பேர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் வாசலைப் பார்ப்பதற்கா?

சிரிப்பாக ஒன்று சொல்கிறேன் கேளுங்கள். கன்னிக்குப் பாவாடை சட்டை எடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். சங்கரன்கோவிலில் கடைப் பையன், "பிள்ளைக்கு என்ன வயசுக்கா?" என்று கேட்டான். முப்பத்தொன்பது என்றேன். அவன் முழித்தான். நானும் சிரித்தேன், அவனும் சிரித்தான், கல்லாவில் இருந்தவரும் சிரித்தார். அப்புறம் பத்து வயசு அளவில் ஒரு பச்சைப் பாவாடை எடுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தப் பையை மடியில் வைத்திருந்தேனா, பக்கத்தில் இருந்த அம்மா, "ஏன் தாயி அழுதே?" என்று கேட்டாள். ஜன்னல் காற்று அக்கா. கண்ணில் தூசி.

மதினி இருந்திருந்தால் அந்தப் பாவாடையைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அவளுக்குப் பொட்டும் பவுடரும் ஆகாது. தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சேலையை ரயில் ஏறும் முன்னால் என் கையில் திணித்துவிட்டு, தொளதொள சட்டையும் பேண்டும் மாட்டிக்கொண்டு போவாள். அவள் பார்த்த வேலை உங்களுக்குத் தெரியும், ஒரே ஆபீஸ்தானே. இங்கே ஒருத்தருக்கும் புரியவில்லை. அத்தை பெண் பார்க்க வந்தவர்களிடம் வெளிநாட்டில் எழுத்து வேலை என்று சொன்னாள். மாமா வக்கீலுக்குக் கீழே என்றார். எங்கள் வீட்டுக்காரர், "எங்க அக்கா ஐ.நா. மாதிரி, ஆனா ஐ.நா. இல்ல" என்று சொல்லி எல்லாரையும் இன்னும் குழப்பினார். நான்தான் ஒருநாள் நேராகக் கேட்டேன். "மதினி, நீங்க அங்க போய் என்னதான் செய்யிதிய?"

"ஒருத்தருக்கு ஒரு அநியாயம் நடந்திருச்சின்னு வை கனி. அடிச்சவன் நடக்கவே இல்லம்பான். பட்டவ சொன்னா நம்ப ஆள் இல்ல. நான் போயி உக்காந்து, நாளு, நேரம், இடம், யாரு, என்னன்னு கேட்டு எழுதுவேன். அம்புட்டுதான்."

"எழுதுனா?"

"எழுதிட்டா நடக்கலன்னு சொல்ல முடியாதுல்லா."

அதற்காகவா ஒருத்தியை வண்டியை மறித்துச் சுடுவார்கள்? எழுதுவதற்காக? கூடப்போன டிரைவரையும் சேர்த்து. அந்த டிரைவர் பாவம், போனில் எனக்கு "வணக்கம்" சொல்வான். மதினி சொல்லிக் கொடுத்தது. வணக்கம் என்று ஆரம்பித்து, அடுத்த வார்த்தை தெரியாமல், இன்னொரு வணக்கம் சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மதினி போன் வரும். அம்மா அப்பாவோடு இரண்டு நிமிசம், தம்பியோடு ஒரு நிமிசம், என்னோடு முக்கால் மணி நேரம். நான் கிரைண்டரை ஓட்டிக்கொண்டே ஊர்க்கதை சொல்வேன். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் விசேசம், யாருக்கு ஊர் என்ன பட்டப்பேர் வைத்தது. பட்டப்பேர் என்றால் அவளுக்கு அவ்வளவு இஷ்டம். எங்கள் ஊரில் பட்டப்பேர் இல்லாத ஆளே கிடையாது. ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுகிறவளுக்கு வெங்கலவாய். டீக்கடைக்கு ஆறு மணி அடித்தால் போகிற தாத்தாவுக்கு ஆறுமணி. வாயே திறக்காமல் உள்ளுக்குள் காய்ந்துகொண்டிருக்கிற ஒரு அக்காவுக்கு ஊமைவெயில். எனக்கு மட்டும்தான் இல்லை, கல்யாணமாகி வந்து ஆறு வருசம்தானே ஆகிறது, ஊர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பேராகச் சொல்லச் சொல்ல மதினி, "இரு இரு, எழுதிக்கிடுதேன்" என்பாள். ஊர் நினைப்பு, பாவம், என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம் அவளும் சொல்வாள். "இங்கயும் ஒரு வெங்கலவாய் இருக்கா கனி. அடிகுழாய் பக்கத்துல தையல் மிசின் வச்சிருக்கா. அவ பேரு..."

இல்லை, அதெல்லாம் வேண்டாம். எனக்கு ஒன்றும் தெரியாது.

ஒருத்தியைப் பற்றி மட்டும் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கே ரொட்டி சுட்டு விற்கிறவள் ஒருத்தி. "உன்னய மாதிரியே ஒருத்தி கனி. உன் வயசுதான். வயித்துப் பிள்ளக்காரி. வாய் ஓயாது. எத்தன கஷ்டத்துலயும் அவ சிரிப்பு மட்டும் நிக்காது." வாராவாரம் அவள் புராணம்தான். அவள் ரொட்டி அப்படி, அவள் பேச்சு இப்படி. "அப்பம் அவளையே தம்பிக்குக் கட்டி வச்சிருக்கலாம்லா?" என்று ஒரு தடவை கேட்டேவிட்டேன். மதினி சிரித்த சிரிப்பில் போன் கரகரத்துப்போனது. எனக்குக் கோபம், கிரைண்டரை நிறுத்தாமலே போனை வைத்துவிட்டேன். சின்னப் புத்திதான். ஒத்துக்கொள்கிறேன்.

கடைசியாகப் பேசியது ஞாயிறு இல்லை, புதன்கிழமை. எனக்கு வலி எடுத்து, ஆட்டோவில் ஏறிவிட்டேன். மதினி போன். "கனி, உங்கிட்ட ஒரு சம்மதம் கேக்கணும்" என்றாள். நான், "மதினி, வலி எடுத்திருச்சி, பொறவு பேசுதேன்" என்று கத்தினேன். "ஐயோ, போ போ, நல்லபடியாப் போ. அவசரம் இல்ல" என்றாள். இவள் பிறந்தாள். ஒன்பதாம் நாள் அந்தச் செய்தி வந்தது.

அவசரம் இல்லையாம்.

அக்கா, இதை நான் இந்த வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் அசலூர். சம்மதம் என்றால் என்ன? எங்கள் ஊரில் ஒரு பெண் சம்மதம் கேட்கிறாள் என்றால் ஒன்றே ஒன்றுதான். யாரையோ பிடித்திருக்கிறது. கட்டிக்கொள்ளப் போகிறாள். வீட்டில் முதலில் என் காதில் போடப் பார்த்தாள், நான் பக்குவமாக அத்தையிடம் எடுத்துச் சொல்லட்டும் என்று. அந்த வணக்கம் டிரைவரோ? வேறு யாருமோ? அதை நான் வாங்கிக்கொள்ளாமல் போனை வைத்துவிட்டேன். இவர்கள் என்னடா என்றால் அவளைக் கன்னியாக்கி மேலே கட்டிவிட்டார்கள். ஒருத்தனை மனசில் வைத்திருந்தவளைக் கன்னி என்று கும்பிடலாமா? குத்தமாகாதா? பெட்டி கட்டின அன்றைக்கு வாய் வரைக்கும் வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்தேன். முழுங்கிவிட்டேன். அன்றிலிருந்து தலைக்கு மேலே அந்தப் பெட்டி ஆடுகிற மாதிரியே இருக்கிறது, காற்றே இல்லாதபோதும். நீங்களே சொல்லுங்கள், ஆடுகிறதா?

சரி, நோட்டுக்கு வருகிறேன். உங்கள் ஆபீஸிலிருந்து அவள் சூட்கேஸ் வந்தது. இரண்டு சட்டை, ஒரு செருப்பு, இங்கிருந்து கொண்டுபோன எவர்சில்வர் டம்ளர், இந்த நோட்டு. அவள் ரூமைப் புரட்டிப்போட்டு, கம்ப்யூட்டர், ஃபைல் எல்லாம் அள்ளிக்கொண்டு போனவர்கள் இதை மட்டும் கீழே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தமிழில் இருக்கிறது, முதல் பக்கத்தில் மிளகு ரசம் வைக்கும் முறை எழுதியிருக்கிறது, யாருக்கு என்ன புரியும்? அட்டை மேலே பெரிய பூட்ஸ் தடம், சேறோடு. நான் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, சோப்பும் லேசாகப் போட்டு, வெயிலில் காயவைத்தேன். புதுசு மாதிரி ஆகிவிட்டது.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? சுத்தமாகத்தான் துடைத்தேன்.

முதல் தடவை படித்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. "வெங்கலவாய் வீட்டு ஆளைப் புளியமரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். மகனைப் பம்புசெட் அறைக்குள் கூட்டிப்போனார்கள். மகன் திரும்பவில்லை" என்று எழுதியிருக்கிறது. தேதி, மணி எல்லாம் போட்டு. நான் நோட்டைப் போட்டுவிட்டு ஓடினேன் அக்கா, பச்சை உடம்புக்காரி, வடக்குத்தெரு வரைக்கும். அங்கே வெங்கலவாய் புருசன் வெங்காயம் கடித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். மகன் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறான். வெங்கலவாய், "என்னளா பேயப் பாத்த மாதிரி நிக்க?" என்று கத்தினாள். நான் என்ன சொல்வேன்? "மாவு வேணுமான்னு கேக்க வந்தேன் சித்தி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. அங்கே நடந்ததை எழுதிவிட்டு, நம் ஊர்ப் பட்டப்பேரை எடுத்து அவர்களுக்குப் போட்டிருக்கிறாள். நோட்டு எவன் கையில் சிக்கினாலும் அந்த ஆட்கள் சிக்கக் கூடாது என்று. கெட்டிக்காரி. ஆனால் எனக்குத்தானே கஷ்டம்? ஊமைவெயில் அக்கா மாவு வாங்க வந்தால் நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. நோட்டில் ஊமைவெயிலுக்கு இரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள். இந்த அக்காவுக்குப் பிள்ளையே கிடையாது, இருந்தாலும் ஒரு கரண்டி மாவு கூடுதலாகவே விழுந்துவிடுகிறது. ஆறுமணித் தாத்தா ஒருநாள் டீக்கடைக்கு வரவில்லை என்று நான் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினேன். வயிற்றுப்போக்காம். ஊரில் என்னைப் பற்றி ஒரு மாதிரி பேச ஆரம்பித்திருக்கிறார்கள். கூடிய சீக்கிரம் எனக்கும் பட்டப்பேர் விழுந்துவிடும்.

அந்த நோட்டை ஒரு மாசத்தில் முப்பது தடவை படித்திருப்பேன். படித்தேனா, தேடினேன். என்னத்தை? என் பேரைத்தான். ஊரில் இருக்கிற அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். டீக்கடை இருக்கிறது. எங்கள் பல்லில்லாத நாய்கூட ஒரு இடத்தில் வருகிறது. நான் இல்லை. வாராவாரம் முக்கால் மணி நேரம் வாய் வலிக்கச் சொன்னது நான், நான் மட்டும் இல்லை. எனக்கு எப்படி இருக்கும்? செத்துப்போனவள் மேல் கோபப்படக் கூடாது, தெரியும். பட்டேன்.

அதில் இன்னொரு வயிற்றெரிச்சல். அந்த ரொட்டிக்காரி. அவளைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறாள். பதினோரு பேரை வீட்டுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, வயிற்றுப் பிள்ளையோடு மூன்று நாள் வாசலில் உட்கார்ந்து ரொட்டி சுட்டாளாம். தேடி வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துப் பேசி ரொட்டி கொடுத்து அனுப்பினாளாம். எல்லாருக்கும் பட்டப்பேர் போட்டவள் அவளுக்கு மட்டும் போடவில்லை. அவள் பேர் வருகிற இடத்தில் எல்லாம் வெறும் கோடு. பேங்க் பாரத்தில் நாம் நிரப்புவதற்கு விட்டிருப்பார்களே, அந்த மாதிரி. ஒரு நீளக் கோடு, அப்புறம் "கதவைத் திறந்தாள்". பக்கத்துக்குப் பக்கம் கோடு. அவ்வளவு மரியாதை! பட்டப்பேர் வைக்கக்கூட மனசு வரவில்லை பாருங்கள்.

அந்தக் கோபத்தில்தான் நாற்பத்தொன்றாம் நாள், பெட்டி கட்டும்போது, "அவளுக்கு இஷ்டமான பொருள் ஏதாச்சும் வைக்கணும்" என்று அத்தை சொல்லவும், நான் போய் நோட்டை எடுத்துவந்து கொடுத்தேன். "இதவிட இஷ்டமானது அவுகளுக்கு ஒண்ணும் கிடையாது" என்றேன். பாவாடைக்கு அடியில் வைத்துக் கட்டிவிட்டார்கள். இப்போது உங்களுக்கு அது வேண்டும். என் மேல்தான் தப்பு. என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

நோட்டு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மாசியில் ஒருத்தர் போன் பண்ணினார். ரொம்ப மரியாதையான தமிழ். "மேடம், அந்த டாகுமென்ட்டை நாங்களே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறோம், குடும்பத்துக்கு வேண்டியதைச் செய்கிறோம்" என்றார். எந்த ஆபீஸ் என்று கேட்டேன், மதினி ஆபீஸ்தான் என்றார். மதினி பேரைச் சொல்லுங்கள் என்றேன், சொன்னார், முழுப்பேர், அப்பா பேர், பிறந்த தேதி, எல்லாம் சொன்னார். கேட்காததையும் சேர்த்துச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. "அத எலி கடிச்சிருச்சி சார், அடுப்புல போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டேன். பங்குனியில் இன்னொருத்தர். அவருக்கும் அதே எலிதான். உங்களிடமும் எலியைத்தான் சொல்வதாக இருந்தேன். நீங்கள் வெயிலில் நடந்து வந்துவிட்டீர்கள், முகமெல்லாம் சிவந்து நிற்கிறீர்கள், வாய் வரவில்லை.

என்ன கேட்டீர்கள்? யார் யாருக்கு எந்தப் பட்டப்பேர் என்று எனக்குத் தெரியுமா என்றா?

அதுதான் ஒன்றும் தெரியாது என்றேனே.

தெரிந்தால் என்ன செய்வீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில். நீங்கள் நல்லவராகவே இருங்கள். நாளைக்கு உங்கள் கையிலிருந்து எவன் கைக்குப் போகும்? அந்த வெங்கலவாய் இன்னும் மிசின் தைத்துக்கொண்டுதானே இருக்கிறாள்? எனக்கு இரண்டு பிள்ளைகள் அக்கா. மூத்தவள் பள்ளிக்கூடத்திலிருந்து வர அரைமணி பிந்தினாலே நான் தெருமுனையில் நிற்கிறேன். அங்கே ஒருத்தியின் வீட்டை இங்கே இருந்து நான் காட்டிக்கொடுக்கவா?

இருங்கள், என்ன காகிதம் எடுக்கிறீர்கள்? கையெழுத்தெல்லாம் போடமாட்டேன். படிக்கலாமா? கொடுங்கள், தமிழில்தானே இருக்கிறது, பன்னிரண்டு படித்திருக்கிறேன்.

"நான் சொல்வதை எழுதிக்கொள்ளவும், என் பெயரையோ நான் விரும்பும் வேறு பெயரையோ அதில் பயன்படுத்தவும் எனக்குச் சம்மதம் / சம்மதம் இல்லை."

சம்மதம்.

இதை எல்லாரிடமும் கேட்பீர்களா? எழுதும் முன்னால்? ஒவ்வொருத்தரிடமும்? வேண்டாம் என்று சொன்னால்? பேனாவை மூடிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவீர்களா? அந்தப் போன்காரர்கள் இரண்டு பேரும் ஒரு தடவைகூட இதைக் கேட்கவில்லையே. எடுத்துக்கொள்கிறோம், எடுத்துக்கொள்கிறோம் என்றுதானே சொன்னார்கள்.

மதினியும் இப்படித்தான் கேட்பாளா? வேறு ஒருத்தர் பேரை இரவல் வாங்கிப் போடுவதாக இருந்தாலுமா?

பட்டப்பேருக்குக் கேட்க வேண்டாம், அது ஊர் வைத்தது, யாருடையதும் இல்லை. அதை வைத்து யாரையும் தேட முடியாது. சொந்தப் பேர் என்றால்? கேட்காமல் எழுதமாட்டாளா? எத்தனை நாளானாலும்? இடத்தை அப்படியே விட்டு வைத்துவிட்டு...

எனக்குத்தான் பட்டப்பேரே கிடையாதே அக்கா.

உன்னய மாதிரியே ஒருத்தி என்றாள். உன் வயசு என்றாள். வாய் ஓயாது, சிரிப்பு நிற்காது, வயிற்றுப் பிள்ளைக்காரி. நான் கிரைண்டரை ஓட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பத்துப் பதினைந்து இடத்தில் கோடு போட்டு விட்டுவிட்டு, என்னிடம் கேட்பதற்காகப் போன் போட்டிருக்கிறாள். நான் ஆட்டோவில் கத்துகிறேன். அவசரம் இல்ல, நல்லபடியாப் போ என்கிறாள்.

கல்யாணம் இல்லை. டிரைவர் இல்லை. ஒன்றும் இல்லை.

இல்லை அக்கா, ஒன்றுமில்லை. இது ஜன்னல் காற்றுதான். ஜன்னல் மூடியிருந்தால் என்ன? கொஞ்சம் தள்ளுங்கள், நான் உட்கார்ந்துகொள்கிறேன். இல்லை, நாற்காலி வேண்டாம், தரையே போதும்.

அந்த ரொட்டிக்காரி இருக்கிறாளா? பிள்ளை பிறந்ததா? என்ன பிள்ளை?

சொல்லக் கூடாதா. சரி. சொல்லாதீர்கள். கேட்டாலும் சொல்லாதீர்கள்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். பன்னிரண்டு மணி பஸ்ஸில் மாமா வருவார். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், ஊர்க்காரி மாதிரி உட்கார்ந்திருங்கள். கன்னி என் கனவில் வந்தாள், பெட்டியத் தெறந்து எம்பொருள எடுத்துக் குடு என்று கையை நீட்டினாள் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். கன்னியே கேட்டால் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும், மாமா மறு பேச்சுப் பேசமாட்டார். பொய்தான். அத்தையின் கனவில் மதினி வந்தாள், எங்கள் வீட்டுக்காரர் கனவில் இரண்டு தடவை வந்தாள், என் கனவில் மட்டும் வரவே இல்லை. தூங்கினால்தானே வருவதற்கு. இன்றைக்குத் தூங்கிப் பார்க்கிறேன், வந்தால் அந்தப் பொய்க்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பச்சைப் பாவாடையும் கொஞ்சம் சின்னதுதான், அதையும் சொல்ல வேண்டும்.

யார் எவர் என்கிற விவரத்தை நான் பேப்பரில் தரமாட்டேன். அது என் வாயில் இருக்கட்டும். எவருக்குச் சொல்ல வேண்டுமோ அந்த ஒருத்தரை நீங்கள் கூட்டிவாருங்கள், இதே காகிதத்தோடு வரட்டும், நான் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

மாமா வருவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அதுவரைக்கும் ஏன் சும்மா இருக்க வேண்டும்? பேனாவை எடுங்கள். எனக்கு நோட்டு வேண்டாம், மொத்தமும் மனப்பாடம். அட்டையில் பூட்ஸ் தடம் இருந்தது, அதை நான் துடைத்துவிட்டேன், அதையும் எழுதுங்கள். அளவு வேண்டுமானால் என் கையால் ஒரு சாணுக்கு மேலே நாலு விரற்கடை.

சம்மதத்தை எங்கே போட வேண்டும்? இங்கேயா? பேர் சண்முகக்கனி. முழுசாகவே எழுதுங்கள், கனி என்று சுருக்க வேண்டாம்.

முதல் பக்கம் மிளகு ரசம். அதை விட்டுவிடலாம். இல்லை, வேண்டாம், அதுவும் அவள் எழுதியதுதான், எழுதுங்கள். மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், பூண்டு ஐந்து பல், தட்டிப் போடவும், அரைக்கக் கூடாது. ஆயிற்றா? இரண்டாம் பக்கம். தேதி அப்புறம் சொல்கிறேன், முதல் வரியை எழுதுங்கள்.

சண்முகக்கனி கதவைத் திறந்தாள்.